ஆஃப்சைடை ஒப்புக்கொள்ளாத டெய்லரம்மா

உலகத்தில் கால்பந்து ஆடாத தேசம் இல்லை என்கிறார்கள். அத்தனை தேசத்திலும் தேடினாலும், ஆஃப்சைடு என்று ஒரு விதியே கிடையாது, அது கீழ்நாட்டுக்காரர்கள் மலைக்காரர்களை ஏமாற்றக் கட்டிவிட்ட கதை என்று நம்புகிற பயிற்சியாளர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் ஜவ்வாது மலையில் இருக்கிறார். தொழில், தையல்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். நான் அந்த மலையில் வேலை பார்த்த காலம் முழுக்க அதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊருக்கு அவர் டெய்லரம்மா. அவருடைய கணவருக்கும் பெயர் கிடையாது. 'டெய்லரம்மா வூட்டுக்காரர்' என்றால் போதும், 'குட்டி யானை' லோடு வண்டியோடு வந்து நிற்பார். டெய்லரம்மா படவேட்டுப் பக்கம் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வயது ஐம்பதை ஒட்டி. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். கோயிலுக்குப் போனாலும் தொங்கும், சாவு வீட்டுக்குப் போனாலும் தொங்கும். சாவு வீட்டில் எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "பதினாறாம் நாள் துணி எடுப்பாங்கல்ல சார்? எல்லாரும் ஒரே எடத்துல நிக்கிறப்பவே அளவு எடுத்துக்கினா வேலை மிச்சம்" என்றார்.

நான் கால்நடை ஆய்வாளராக மலைக்கு மாற்றலாகிப் போன முதல் வாரம், புதிதாக வாங்கிய பேண்ட்டின் நீளத்தைக் குறைக்க அவர் கடைக்குப் போனேன். செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கீழே குந்தி என் கணுக்காலில் டேப்பை வைத்தார். திடீரென்று கத்தினார்.

"மார்க் பண்ணுடா! ஒட்டியே நில்லு! வுட்டின்னா தொலைச்சுருவேன்!"

உள்ளே யாரோ கையாள் இருக்கிறான் போலிருக்கிறது என்று எண்ணி, "மெதுவா மார்க் பண்ணட்டும்ங்க, அவசரமில்ல" என்றேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "உங்கள சொல்லல சார். பேக்கு."

எடுத்த எடுப்பிலேயே ஓர் அரசு ஊழியனை இப்படித் திட்டுகிறாரே என்று முகம் சுண்டிப்போய் நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சொன்னது ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரனை. கீழே எங்கோ நடந்துகொண்டிருந்த பயிற்சி ஆட்டத்துக்கு, மலைமேலிருந்து செல்போனில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு என் வேலையை விசாரித்தார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"டாக்டரா? அப்ப டீமுக்கு டாக்டர் கெடச்சாச்சு. லீக்குல கேட்டுகினே இருந்தாங்க."

"நான் டாக்டர் இல்லீங்க. ஆய்வாளர். அதுவும் மாட்டுக்கு."

"மாட்டுக்கும் முட்டி கீது, இவனுங்களுக்கும் முட்டி கீது. இன்னா சார் வித்யாசம்? மாடு சொன்ன பேச்சு கேக்கும், அவ்ளோதான்."

பேண்ட்டோடு சேர்த்து ஒரு பதவியையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பிறகு அதுவே வளர்ந்து லைன்ஸ்மேன் உத்தியோகமும் ஆனது. எங்கள் லீக் வட்டாரத்திலேயே கடைசி டிவிஷன். அங்கே நடுவர் ஒருவர்தான் வருவார். கோட்டோரம் கொடி பிடிப்பதற்கு அணிக்கு ஓர் ஆளை அவர்களே கொண்டுவர வேண்டும். ஓடத் தெரியாத, ஆனால் கை தூக்கத் தெரிந்த ஆள் ஊரில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

தையல்காரர் கால்பந்துக்குள் வந்த கதையை நான் ஏழுமலையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏழுமலை அணியின் கேப்டன். வருஷத்தில் பாதி நாள் கேரளத்தில் எஸ்டேட் வேலை, மீதி நாள் மலையில் சாமை விவசாயமும் கால்பந்தும். லீக்கில் சேர்ந்த புதிதில் அணிக்கு ஜெர்சி தைத்துத் தரச் சொல்லி டெய்லரம்மாவிடம் போயிருக்கிறார்கள். அவரும் ஒவ்வொரு பையனையும் நிற்க வைத்து அளவெடுத்து, இரட்டைத் தையல் போட்டு, கல்யாண ஜாக்கெட்டுக்குக் காட்டும் கவனத்தோடு தைத்துக் கொடுத்திருக்கிறார். பையன்கள் கீழே போய் ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"ஒம்போது கோலு வாங்கினத பத்தி நான் கேக்கலடா" என்று கடை வாசலில் அவர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். "என் துணி எப்பிட்றா கிழிஞ்சிது? டபுள் தையல் போட்ட துணி. எருமை இழுத்தாகூட வராது. எவன் இழுத்தான்?"

"எதிர் டீமு புடிச்சு இழுக்கறானுங்க அக்கா. ரெஃப்ரி கண்டுக்க மாட்றாரு."

அடுத்த ஆட்டத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு அவரே போனார். எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் ஏழுமலையின் ஜெர்சியைப் பின்னாலிருந்து பற்றியதுதான் தாமதம், டேப்பும் கழுத்துமாக மைதானத்துக்குள் நடந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தம்பி, இந்த துணி மீட்டரு இன்னா வெல தெரியுமா? இந்த கை வேலைக்கு கூலி இன்னா தெரியுமா?" பையன் ஜெர்சியை விட்டான். நடுவர் விசில் ஊத மறந்து நின்றார். அந்த ஆட்டத்திலும் தோற்றார்கள். ஆனால் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. அன்றிலிருந்து டெய்லரம்மாதான் பயிற்சியாளர், மேலாளர், செயலாளர் எல்லாம். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தைரியமுள்ளவனும் ஊரில் இல்லை.

அணியின் முழுப்பெயர் 'ஜவ்வாது மலை நண்பர்கள் கால்பந்துக் கழகம்'. இத்தனையும் ஒரு முதுகில் அடங்காது என்று முதலெழுத்துகளை மட்டும் பூவேலை நூலில் தைத்தார்: ஜ.ம.ந.கா.க. கீழே இருப்பவர்கள் முன்னால் இருந்த மூன்றெழுத்தை விட்டுவிட்டு, பின்னால் இருந்த 'கா.க.'வை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் குட்டி யானையிலிருந்து இறங்கினாலே மைதானம் முழுக்கக் கரையும். "கா... கா... கா..."

பையன்களுக்கு அழுகையே வந்துவிட்டது. டெய்லரம்மா மட்டும் கூட்டத்தைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணிக்குக் கரிய நிறத்தில் புது ஜெர்சி வந்துவிட்டது. "காக்கான்னு கூப்புட்டா காக்காவாவே வர்றோம். ஒண்ணு வுழுந்தா ஊரே கூடும்டா, அதான் காக்கா" என்றார்.

யோசனை பிரமாதம். ஒரே ஒரு சிக்கல். நடுவரும் கறுப்புச் சட்டை. எங்கள் தனபால், அணியின் முன்கள வீரன், அன்றைக்கு இரண்டு முறை அருமையான பாஸ் கொடுத்தான். இரண்டும் நடுவருக்கு. இரண்டாவது பாஸ் வந்தபோது நடுவரே ஆசைப்பட்டு அதை லேசாகத் தட்டிவிட்டதாக நான் இன்றும் சந்தேகப்படுகிறேன்.

டெய்லரம்மாவுக்குத் தன் ஜெர்சியை மாற்ற மனம் வரவில்லை. ஆகவே நடுவரை மாற்றினார். கோட்டோரம் நின்றபடியே கண்ணால் அவருக்கு அளவெடுத்து, அடுத்த வாரம் மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்து நீட்டினார். நடுவர் போட்டுப் பார்த்தார். தோள்பட்டை, கை, காலர் எல்லாம் அச்சாகப் பொருந்தியது. அந்த மனிதருக்குக் கல்யாணத்தில்கூட அப்படி ஒரு சட்டை அமைந்திருக்காது. உடனே எதிரணி, நடுவருக்குக் கையூட்டு கொடுக்கப்பட்டதாக லீக்கில் புகார் செய்தது. புகார் நிற்கவில்லை. ஏனென்றால் அந்த மஞ்சள் சட்டையோடு நடுவர் அன்று கொடுத்த பெனால்டிகள் எல்லாமே எங்களுக்கு எதிராகத்தான். "சட்டை தைச்சேன். சட்டைக்குள்ள இருக்கற ஆள தைக்க முடியாது" என்று டெய்லரம்மா பெருமூச்சு விட்டார்.

ஆஃப்சைடு விவகாரத்துக்கு வருகிறேன். லைன்ஸ்மேன் என்ற முறையில் நம் பையன் ஆஃப்சைடில் நின்றாலும் நான் கொடி தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கியதும் என் முதுகில் ஒரு சூடு படும். திரும்பினால் டெய்லரம்மா பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், அவருடைய துணி வெட்டும் மேசையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி ஆஃப்சைடை விளக்க உட்கார்ந்தேன். இந்தக் கொட்டை பந்து, இது தனபால், இது எதிரணியின் கடைசி ஆள், இது கோல்கீப்பர். பந்து உதைபடும் நேரத்தில் தனபால் இவனைத் தாண்டி முன்னால் இருந்தால் தப்பு. பொறுமையாகக் கேட்டார்.

"இருங்க சார். முன்னாடி போனவன் தப்பா, பின்னாடி தூங்கினவன் தப்பா?"

"முன்னாடி போனவன்தாங்க."

"பஸ்சுல மொதல்ல ஏறி சீட்டு புடிக்கறான் ஒருத்தன். கடைசியா வர்றவன், 'நீ எனக்கு முன்னாடி வந்துட்ட, எந்திரி'ன்றான். எந்திரிப்பீங்களா?"

"எந்திரிக்க மாட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு சார் கொடிய தூக்கறீங்க?"

அவர் தனபாலாக இருந்த புளியங்கொட்டையை எடுத்து, எதிரணிக் கொட்டைக்கு இந்தப் பக்கம் வைத்தார். அன்று சாயங்காலம் பயிற்சியில் பையன்களுக்குச் சொன்னார்: "டேய், எவனும் மொதல்லயே போய் அங்க நின்னுகினு இருக்காத. கீழ இருக்கறவனுங்க அழுவானுங்க. பின்னாடியே இரு. பந்து போனப்பறம் ஓடு. மலையேறுற கால்தான, புடிச்சிரலாம்." அதற்குப் பிறகு நான் எங்கள் அணிக்கு எதிராகக் கொடி தூக்கும் தேவை அநேகமாக வரவில்லை. விதியை ஒப்புக்கொள்ளாமலே அதற்குக் கட்டுப்பட்டு நடந்த பெருமை அவருடையது.

இத்தனை செய்தும் அவருக்கு ஒரு குறை. லீக்கில் எல்லா அணிக்கும் பாதி ஆட்டம் சொந்த ஊரில், பாதி வெளியூரில். எங்களுக்கு மட்டும் சொந்த ஊர் ஆட்டமும் வெளியூரில்தான். மலை மைதானம் சரிவு, பாதை மோசம், யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லி, ஆலங்காயத்துப் பக்கம் ஒரு வெளியில் எங்கள் 'சொந்த' ஆட்டங்களை வைத்துவிடுவார்கள். வாரா வாரம் புளி மூட்டைகளுக்கு நடுவே பையன்கள் நின்றுகொண்டே கொண்டைஊசி வளைவுகளில் இறங்குவார்கள். மலையில் இருக்கும் அம்மா, அப்பா, பெண்டாட்டி யாரும் தங்கள் பிள்ளை பந்தை உதைத்துப் பார்த்ததே இல்லை.

டெய்லரம்மா லீக் செயலாளரைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் வேலை வைக்கிற எதையும் அவருக்குப் பிடிக்காது.

"ஏம்மா, உங்க ஊருக்கு பஸ்சே சரியா கிடையாதே. அங்க எப்பிடிம்மா டீமு வரும்?"

"பஸ்சு இல்லாத ஊர்ல இருந்துதான சார் நாங்க வாரா வாரம் வர்றோம்?"

செயலாளர் பேனாவை எடுத்தார், வைத்தார். "கிரவுண்டு சரிவாம்மா."

"சரிவு ரெண்டு பேருக்கும்தான சார்? பாதி ஆட்டத்துல பக்கம் மாத்திக்கறாங்கல்ல? அவனுக்கும் ஏத்தம் எறக்கம், எங்களுக்கும் ஏத்தம் எறக்கம்."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டத்தை மட்டும் மலையில் நடத்தச் சம்மதித்தார். "ஒரு தகராறு, ஒரு கொளறுபடி வந்தாலும் இதான் கடைசிம்மா" என்று எச்சரித்தார். டெய்லரம்மா கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே, "சார் சட்டைல காலரு தூக்கிகினு கீது. குடுத்து அனுப்புங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றார்.

அந்த இறுதி ஆட்டம் எங்களுக்கு வெறும் ஆட்டமாக இல்லை. பட்டியலின் அடியில் நாங்கள்தான் இருந்தோம். கடைசி இடத்தில் முடிக்கும் அணி லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். அந்த இடத்துக்கு லீக்குக்கு வெளியே வேறொரு அணி காத்திருந்தது. தோற்றால் கிளப் இல்லை. டிரா செய்தால்கூட ஒரு புள்ளி ஏறி, எங்களுக்கு மேலிருந்த அணியைத் தாண்டித் தப்பித்துக்கொள்ளலாம்.

ஊரே மைதானத்தில் இறங்கியது. கல் பொறுக்கினார்கள், மேடு வெட்டினார்கள், பள்ளம் நிரப்பினார்கள். டெய்லரம்மா நைலான் கயிற்றில் கோல் வலை பின்னினார். கோடு போடும் வேலையைப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். சுண்ணாம்பில் எல்லைக் கோடு நூல் பிடித்தாற்போல வந்தது. நடுவட்டமும் அழகான வட்டம். வட்டத்துக்குள் வெறுமையாக இருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதில் தோகை விரித்த ஒரு மயிலைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் மஞ்சள் சட்டையோடு வந்த நடுவர் மயிலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "விதில மயிலு கூடாதுன்னு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

பதினோரு மணிக்கு ஆட்டம். எதிரணி பாலாற்றங்கரைக்காரர்கள். அவர்களுடைய வேன் வந்து நின்றது. ஊரே கைதட்டியது. கதவு திறந்தது. முதலில் இறங்கியவன் இரண்டடி நடந்து, ஒரு பலாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். இரண்டாமவனுக்கு மரம்வரை போகும் தெம்புகூட இல்லை. கொண்டைஊசி வளைவுகள் அந்த அணியைப் பிழிந்து காயப் போட்டிருந்தன. எல்லோரையும்விட மோசம் அவர்களுடைய கோல்கீப்பர். தென்னைமரம் போல நெட்டையான பையன். வேன் படிக்கட்டிலேயே மடங்கி உட்கார்ந்து, "எறங்கறப்பயும் இதே வழிதானா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அணிக்கு ஏழு பேராவது நின்றால்தான் ஆட்டம். அரை மணி நேரம் காத்திருக்கலாம். அதற்குள் நிற்கவில்லை என்றால் மலை அணிக்கு வெற்றி என்று அறிவித்துவிடலாம். ஏழுமலை துள்ளிக் குதித்தான். பந்தைத் தொடாமலே கிளப் தப்பித்துவிட்டது!

"அக்கா, நம்ப ஜெயிச்சிட்டோம் அக்கா! வாக்ஓவரு!"

டெய்லரம்மா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடுவரிடம் போனார். "சார், ரெண்டு கேப்டனும் ஒத்துகினா சாயங்காலம் ஆடலாமா?"

"ஆடலாம். ஆனா உங்க கேப்டன் ஒத்துக்கணும்."

ஏழுமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா அக்கா பேசறீங்க? நான் கேரளாவுல வேலைய வுட்டுட்டு வந்துகீறேன். ஆடித் தோத்துட்டா கிளப்பே இல்ல. சாமியே பாத்து குடுத்தத வேணாம்ன்றீங்களா?"

அவரிடமிருந்து ஓர் அதட்டலை எதிர்பார்த்தோம். அவர் அதட்டவில்லை. அவர் பையன்களிடம் கத்தாமல் பேசி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"நான் ஒண்ணும் சொல்லலடா ஏழுமலை. நீதான் கேப்டன், நீ சொல்றதுதான். யாராச்சும் நம்ப ஊருக்கு வந்து ஆட மாட்டாங்களான்னு எவ்ளோ நாளா கேட்டுகினு இருந்தோம். இன்னிக்கு வந்துகீறானுங்க. வந்தவன படுக்க வெச்சிட்டு ஜெயிச்சோம்னு சொல்லிகினா, அப்பால எவன்டா இங்க வருவான்? உங்க அம்மா அங்க உக்காந்துகினு கீறாங்க பாரு. நீ ஆடறத பாக்க வந்துகீறாங்க. நீ கையெழுத்து போடறத பாக்கவா வந்தாங்க?"

ஏழுமலை ஒரு கல்லை ஓங்கி உதைத்தான். அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான். பிறகு யார் முகத்தையும் பாராமல் நடுவரிடம் போய், "ஆடறோம் சார்" என்றான்.

அடுத்த சில மணி நேரம் தையற்கடை ஆஸ்பத்திரியாக மாறியது. வெட்டுத் துணிகளைப் பரப்பி எதிரணியை வரிசையாகப் படுக்க வைத்தார் டெய்லரம்மா. எலுமிச்சம்பழம் வந்தது. சுக்கு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சாமைக் கஞ்சி குண்டானோடு வந்தது. அவருடைய கணவர் விசிறிக்கொண்டிருந்தார். டெய்லரம்மா என்னைத் தனியே அழைத்து, "சார், மாட்டு டாக்டர்னு வாயத் தொறந்து சொல்லாதீங்க. பசங்க பயந்துருவானுங்க" என்று எச்சரித்தார். நான் கம்பீரமாகப் போய்க் கோல்கீப்பரின் நாடியைப் பிடித்தேன்.

"டாக்டர், ஊசி போடுவீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் டெய்லரம்மா முந்திக்கொண்டார். "அவரு ஊசி போட்டா நீ பால் கறக்கணும்டா கண்ணு. சும்மா கஞ்சிய குடிச்சிட்டு படு."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டு லோட்டா கஞ்சி குடித்தான். மூன்றாவதைக் கேட்டு வாங்கிக் குடித்தான். சாயங்காலம் மூன்று மணிக்கு அவர்கள் எழுந்து ஓடிப் பார்த்தபோது எங்கள் பையன்கள் தங்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நோய் தீர்ந்தது மட்டுமல்ல, வரும்போது இருந்ததைவிடத் தெம்பாக இருந்தார்கள். "அந்த கஞ்சில கொஞ்சம் தண்ணிய ஊத்தியிருக்கலாம்" என்று தனபால் முணுமுணுத்தான்.

ஆட்டம் ஆரம்பித்தது. மயில் முதல் ஐந்து நிமிடத்திலேயே காணாமல் போயிற்று. பாறை மேல், மரத்து மேல், பள்ளிக்கூடச் சுவர் மேல் எல்லாம் ஜனம். பிள்ளையின் கால் பந்தில் பட்டாலே போதும், அந்தப் பிள்ளையின் வீட்டார் எழுந்து நின்று கத்தினார்கள். எதிரணிப் பையன் நன்றாக உதைத்தாலும் கத்தினார்கள். கால்பந்து பார்த்துப் பழக்கமில்லாத ஊர். யாருக்குக் கைதட்ட வேண்டும், யாருக்குத் தட்டக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன் அவர்கள் கோல் போட்டார்கள். கஞ்சியின் பலம் அப்பட்டமாகத் தெரிந்த ஓர் உதை. ஏழுமலை டெய்லரம்மா பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அது எந்தத் திட்டையும்விட வலித்திருக்கும். அவர் டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

பிற்பாதியில் சரிவின் இறக்கம் எங்களுக்கு. விழுந்து விழுந்து ஆடினோம். பந்து கம்பத்தில் பட்டது, கோல்கீப்பரின் முட்டியில் பட்டது, ஒருமுறை கோலுக்குள் புகுந்திருந்த ஓர் ஆட்டின் மேலும் பட்டது. ஆனால் உள்ளே போகவில்லை. அந்த நேரத்தில்தான் மலை தன் வேலையைக் காட்டியது. மேற்கேயிருந்து மூடுபனி இறங்கி, முதலில் மரங்களை, அப்புறம் பாறை மேலிருந்த ஜனத்தை, கடைசியில் கோல் கம்பத்தையே விழுங்கிவிட்டது. நடுவர் நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, ஏழுமலை நடுவிலிருந்து ஒரு பந்தை உயரமாகத் தூக்கி அடித்தான். கறுப்பு ஜெர்சி ஒன்று பனிக்குள் பாய்ந்து மறைந்தது. தனபால். தொப்பென்று ஒரு சத்தம். பிறகு தனபாலின் குரல் மட்டும் வந்தது.

"கோலு! கோலு சார்!"

இன்னொரு குரல்: "இல்ல சார்! வெளிய பூடுச்சு!"

நடுவர் என்னிடம் ஓடி வந்தார். அந்தப் பக்கத்துக் கோடு என்னுடையது. "சார், நீங்க பாத்தீங்களா? கோலா?"

வாழ்க்கையில் என்னை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. பார்த்தார்கள் என்பதுகூட ஊகம்தான், பனியில் யாரும் தெரியவில்லை. "தெரியல சார்" என்றேன். பனிக்குள்ளிருந்து என் குலத்தைப் பற்றியெல்லாம் விசாரணைகள் வந்தன.

நடுவர் டெய்லரம்மாவைக் கேட்டார். "நானும் பாக்கல சார்" என்றார் அவர்.

அப்போது பனியிலிருந்து அந்த நெட்டைக் கோல்கீப்பர் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். "உள்ளதான் சார் பூடுச்சு. வலைல பட்டு என் கைக்கு திரும்பி வந்திச்சு."

அவனுடைய கேப்டன் பாய்ந்தான். "டேய், நீ எந்த டீம்டா?"

"உன் டீமுதான். கஞ்சி குடிச்ச வாயால பொய் சொல்லச் சொல்றியா?"

நடுவர் விசில் ஊதினார். கோல். அதற்குப் பின் மூச்சு விடும் நேரம் ஆடியிருப்போம். பனி நடுவரையும் விழுங்கியதும், அவர் உள்ளேயிருந்தே நீளமாக ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார். ஒன்றுக்கு ஒன்று. கிளப் லீக்கில் தங்கியது. பனியில் யார் யாரைத் தூக்கினார்கள் என்றே தெரியவில்லை. ஏழுமலையின் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது எதிரணிப் பையன்கள் இருவர் என்று பிற்பாடு தெரிந்தது.

எனக்கு மட்டும் தனிக் கவனிப்பு நடந்தது. டெய்லரம்மா பனியைப் பிளந்துகொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "கண்ணுக்கு இன்னா சார் ஆச்சு உங்களுக்கு?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் சொல்ல யாரு சொன்னாங்க? பந்துகூட ஓடிப் போய் பாருங்கன்றேன்! கோட்டோரமா நின்னுகினு சாமி பாக்க வந்தவன் மாதிரி கும்புட்டுகினு இருந்தா எப்பிடி தெரியும்? அந்த வாந்தி எடுத்த புள்ளைக்கு இருக்கற வீரம் உங்களுக்கு இல்லியே!"

அடுத்த பருவத்திலிருந்து எங்கள் சொந்த ஆட்டங்களில் பாதியை லீக் மலையிலேயே வைத்தது. வருகிற அணிகள் காலையிலேயே வந்துவிடுகின்றனவாம், கஞ்சிக்கு. இந்தச் செய்தியெல்லாம் எனக்குப் போனில்தான். எனக்குக் கீழே மாற்றலாகிவிட்டது. வாரத்தில் ஒருநாள் டெய்லரம்மா கூப்பிடுவார். "இப்ப கொடி புடிக்கறவன் உங்களவிட மோசம் சார். நீங்களாச்சும் தெரியலன்னு சொல்வீங்க. அவன் தெரிஞ்சா மாதிரி சொல்றான்" என்று ஆரம்பித்து, அப்படியே என் பழைய தவறுகளுக்கு வந்து, மூச்சு வாங்கும் வரை வெளுத்துவிட்டு வைப்பார்.

இப்போது நான் இருக்கும் அலுவலகத்தில் எல்லோரும் மிகவும் மரியாதையானவர்கள். சார் போடாமல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, திட்டு வாங்குவதற்காக உட்கார்ந்திருக்கிறேன்.